ஹியூமிக்கும் பஞ்சகவ்யாவும் ஒரே டிரம்மில்: ஃபில்டர் முழுக்கக் கசடு

மஞ்சள்காடு:
வணக்கம்ங்க. 1 ஏக்கர் மஞ்சள், செம்மண், சொட்டுநீர். போர் தண்ணி சப்பை, குடத்தில் வெள்ளையாப் படியும். வேரைத் தூண்ட விடும் 98% ஹியூமிக் அமிலச் செதில் 1 கிலோ, பஞ்சகவ்யா 20 லிட்டர் ரெண்டையும் ஒண்ணாக் கலந்து வென்சுரியில் (உரக்கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சி விடும் கருவி) விட்டதும் ஃபில்டரில் கரும்பழுப்புக் கசடு. கடைசி வரிசைகளில் சொட்டே இல்லை. ஆசிட் விட்டுக் கழுவலாமா?

வேர்க்கால்:
ஆசிட் வேண்டாங்க, அடைப்பு இன்னும் இறுகும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் ஹியூமேட். பழுப்பு நிலக்கரியிலிருந்து காரம் போட்டுப் பிரித்தெடுப்பது. காரத்தில் கரையும், புளிப்புப் பட்டால் திரியும். பஞ்சகவ்யா புளித்த கரைசல், போதாததற்கு உங்கள் தண்ணீரில் கால்சியம். ரெண்டும் சேர்ந்துதான் திரித்துவிட்டன.

முதலில் சப்-மெயின் (சொட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் குழாய்) கடைசி வால்வைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்க. பிறகு நாலைந்து லேட்டரலாக (வரிசையில் ஓடும் சொட்டுக் குழாய்) முனையைக் கழற்றி அலசுங்க. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் வேகம் பத்தாது. ஃபில்டர் தட்டுகளை சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து பிரஷ் போட்டால் விட்டுவிடும். உப்புப் படிவுக்கு ஆசிட் கொடுப்பதாக இருந்தால் ஹியூமிக் முழுக்க வெளியேறிய பிறகு, வேறொரு நாளில்.

இனிமேல் ஹியூமிக்கைத் தனியாக விடுங்க. முந்தின இரவே கரைத்து துணியில் வடிகட்டி, 20 நிமிடம் வெறும் தண்ணீர், அரை மணி ஹியூமிக், மறுபடி 20 நிமிடம் வெறும் தண்ணீர். பஞ்சகவ்யா நாலைந்து நாள் கழித்து, அதுவும் வாய்க்கால் பாசனமாகவோ 3% தெளிப்பாகவோ. மீன் அமிலம், தேமோர் (தேங்காய்ப்பாலும் மோரும் புளித்த) கரைசலுக்கும் இதே விதிதான். சந்தேகம் இருந்தால் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து அரை மணி வைத்துப் பாருங்க. அடியில் திரிதிரியாக இறங்கினால் குழாயிலும் இறங்கும்.

கரிமண்:
அளவைப் பற்றி ஒன்று. மேல் 15 செ.மீ. மண் ஏக்கருக்குச் சுமார் 900 டன் எடை. அங்ககக் கரிமம் 0.4% என்றாலே 3.6 டன். அதில் 1 கிலோ ஹியூமிக் போட்டு மண்வளம் கூடிவிடாது. அது வேரைத் தூண்டும், சத்தைப் பிடித்து வைக்க உதவும், அவ்வளவே. கரிமத்தைக் கூட்டுவது தொழுவுரமும் மண்புழு உரமும்தான். ஏக்கருக்கு 4 டன் மட்கிய தொழுவுரத்தை அடியுரமாகப் போடாமல் செதிலை மட்டும் நம்பினால் காசுதான் கரையும். தொழுவுரம் போட்டிருந்தால் 500 கிராம் செதிலே போதும்.

வேர்க்கால்:
சரியாகச் சொன்னீங்க. வாங்கும்போது சோதிக்க ஒரு வழி: சிறிது கரைத்து, சம அளவு எலுமிச்சைச் சாறு ஊற்றுங்க. பழுப்புக் கசடு இறங்கினால் ஹியூமிக் இருக்கிறது. நிறம் அப்படியே நின்றால் வெல்லப்பாகு மாதிரி வேறு ஏதாவது கலந்திருக்கலாம், புளிப்பிலும் திரியாத ஃபுல்விக் அமிலமாகவும் இருக்கலாம்.

மஞ்சள்காடு:
நன்றிங்க. அங்ககச் சான்றுக்கு இந்த ஹியூமிக் ஒத்துவருமா?

கரிமண்:
வாங்கும் முன்பே சான்றளிக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்க. எந்தக் காரத்தில் பிரித்தது, யூரியா மாதிரி ரசாயனச் சத்து சேர்த்திருக்கா என்று தயாரிப்பாளரிடம் கடிதம் கேளுங்க. 'ஆர்கானிக்' என்று பையில் அச்சடித்திருப்பது சான்று ஆகாது.