ராத்திரி 2 மணி பேக்கப், காலை 10 மணிக்கு

சொந்த சர்வரின் வேலைகளை ஏஐ ஏஜெண்டிடம் (சொன்ன வேலையைத் தானே கம்ப்யூட்டரில் செய்து முடிக்கும் ஏஐ) விட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பட்டதை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் மாமாவின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைப் பந்தல்களுக்கு பேனர். நான் இருப்பது கோலாலம்பூரில். கல்லாவுக்குக் கீழே ஒரு மினி பிசி வைத்து, டாக்கரில் (ஒவ்வொரு மென்பொருளையும் கண்டெய்னர் என்ற தனி அறையில் ஓட்டுவது) நெக்ஸ்ட்கிளவுட் என்ற ஃபைல் சேமிப்பு மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். வாடிக்கையாளர் டிசைன் எல்லாம் அதில்தான். அதே பெட்டியில் இன்னொரு கண்டெய்னரில் ஏஜெண்டை ஏற்றி, டெலிகிராமில் ஒரு வரி தட்டினேன்: "தினமும் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடு." உடனே பதில்: "0 2 * * * என்று கிரானில் போட்டுவிட்டேன்." கிரான் என்பது குறித்த நேரத்தில் வேலையை ஓட்டிவிடும் நிரல், அந்த வரிக்கு தினமும் 2:00 மணி என்று அர்த்தம். பேக்கப் வேலை முதலில் நெக்ஸ்ட்கிளவுட்டை யாரும் திறக்க முடியாத மெயின்டனன்ஸ் மோடில் போடும், டேட்டாபேஸையும் ஃபைல்களையும் நகலெடுக்கும், மறுபடி திறந்துவிடும். முறையில் குறையே இல்லை.

மூன்றாம் நாள் மாமா போன் செய்தார். "தம்பி, தினம் பத்து மணியானா எந்த டிசைனும் திறக்க மாட்டேங்குது. அரை மணி கழிச்சு தானா வந்துடுது. ஒன் ரோபோ பசியாறப் போயிடுதா?"

லைன்தான் மோசம் என்று அடித்துச் சொன்னேன். ரௌட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட வைத்தேன், பாவம். அன்று சாயங்காலம்தான் வேலை ஓடிய நேரங்கள் பதிவாகும் லாக்கைத் திறந்தேன். 02:00 என்று இருந்தது, பக்கத்தில் யூடிசி (UTC, உலகப் பொது நேரம்) என்று மூன்று எழுத்து. நேர மண்டலம் சொல்லாமல் விட்டால் கண்டெய்னர் யூடிசியில்தான் ஓடும். மலேசியாவில் நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். 2 மணி இங்கே காலை 10. கடையில் பத்திரிகை புரூஃப் பார்க்க ஆள் வந்து உட்காரும் நேரம். விஷயத்தைச் சொன்னதும் மாமா, "82-ல கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளினப்பவும் இப்படித்தான் குழம்புனோம்" என்று வேறு கதைக்குப் போய்விட்டார்.

ஏஜெண்டுக்கு இது தெரியாமல் இல்லை. கேட்டால் உலகத்து நேரமெல்லாம் ஒப்பிக்கிறது. எந்த ஊர் 2 மணி என்று அதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

*

செந்தூலிலிருந்து:

உங்களுக்காவது பேக்கப் எடுத்தது, அண்ணே. எனக்கு மூன்று வாரம் எடுக்கவே இல்லை.

வீட்டு சர்வரில் இம்மிச் என்ற போட்டோ சேமிப்பு மென்பொருள் வைத்திருக்கிறேன். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படம் எல்லாம் அதில். தேதி போட்ட பெயரில் தினம் ஒரு டேட்டாபேஸ் நகல் எடுக்க ஏஜெண்டிடம் சொன்னேன். "சோதித்துப் பார்த்தேன், வேலை செய்கிறது" என்றது. அது பொய்யும் இல்லை. டெர்மினலில் ஓட்டிப் பார்த்திருக்கிறது, அங்கே சரியாக ஓடியிருக்கிறது. ஆனால் கிரான் வரியில் % என்ற குறிக்குத் தனி அர்த்தம். முன்னால் ஒரு பின்சாய்கோடு போடாவிட்டால் கட்டளை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். தேதி எழுதும் இடத்தில்தான் % இருந்தது. ஃபோல்டரைத் திறந்தால் ஒரே ஒரு ஃபைல், ஏஜெண்ட் சோதனைக்கு எடுத்த அன்றைய தேதியில். ஒரு நிமிஷம் கை நடுங்கிவிட்டது.

இப்போது "வேலை செய்கிறதா?" என்று கேட்பதில்லை. "கடைசி ஃபைலின் தேதி என்ன, அளவு என்ன?" என்று கேட்கிறேன்.

*

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து, வீணை வகுப்பு நடத்துகிறேன்:

என் கதை வெட்கக் கதை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை 9 மணிக்குப் பெற்றோருக்குக் கட்டண நினைவூட்டல் அனுப்ப ஏஜெண்டிடம் சொன்னேன். "0 9 1-7 * 0" என்று எழுதிக் காட்டியது. 1 முதல் 7 தேதிக்குள், ஞாயிறு. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தேதி, கிழமை இரண்டையும் கொடுத்தால் கிரான் இரண்டும் சேரவேண்டும் என்று பார்க்காதாம், ஒன்று பொருந்தினாலே ஓடிவிடுமாம். ஒன்றாம் தேதி முதல் ஏழாம் தேதி வரை தினமும் போனது. அப்புறம் மிச்ச ஞாயிறுகளிலும்.

நாலாம் நாள் ஒரு அம்மா தனியாக அழைத்து, "டீச்சர், கைல பணத்துக்கு ரொம்பக் கஷ்டமா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லைம்மா, கம்ப்யூட்டர் கோளாறு என்றேன். நம்பவில்லை. மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே போட்டுவிட்டார். இப்போது எல்லா ஞாயிறும் ஓடுகிறது, உள்ளே தேதி 7-க்கு மேல் என்றால் எதுவும் அனுப்பாமல் நின்றுகொள்கிறது.

*

மறுபடியும் நான்தான், அச்சகக்காரரின் மருமகன். என் கதைக்கு வால் முளைத்திருக்கிறது.

நேர மண்டலத்தை ஏசியா/கோலாலம்பூர் என்று மாற்றினேன். எந்த வேலையைச் சேர்த்தாலும் அடுத்த மூன்று முறை எப்போது ஓடும் என்பதை மலேசிய நேரத்தில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும் என்று ஏஜெண்டுக்கு நிரந்தர உத்தரவும் போட்டாயிற்று. பத்து மணித் தொல்லை ஒழிந்தது.

ஒரு வாரம் கழித்து, செந்தூல்காரர் சொன்னது நினைவுக்கு வந்து கடைசி ஃபைலின் தேதியைக் கேட்டேன். நான் திருத்திய அன்றைக்கு எடுத்ததுதான் கடைசி. பெட்டி எத்தனை நேரமாக ஓடுகிறது என்று கேட்டேன். 6 மணி நேரம். அப்போது மணி பிற்பகல் 3.

மாமா ராத்திரி கடை சாத்தும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போகிறார், காலை 9 மணிக்கு வந்து போடுகிறார். இத்தனை நாள் பேக்கப் எடுத்ததே அந்த யூடிசிக் குளறுபடியால்தான்.

விட்டுப்போன வேலையை மறுநாள் பெட்டி எழுந்ததும் ஓட்ட, கிரானுக்குப் பதிலாக லினக்ஸில் இருக்கும் சிஸ்டம்டி டைமரில் வழி இருக்கிறது. ஆனால் அது காலை 9 மணி, பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் ராத்திரி 8:15-க்கு மாற்றினேன். 8:50-க்குப் பெட்டியே தன்னை ஒழுங்காக அணைத்துக்கொள்ளும், மாமா சுவிட்சை இறக்குவதற்குள்.

"மாமா, மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ 2 மணின்னு சொன்னப்ப பகல் 2 மணின்னுல்ல நெனச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு கடையில யாருப்பா இருக்கா?"