பிழை பூஜ்யம் என்றது திரை

கோவை, மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை செய்பவர்:

தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் சிறிய மின்சுற்றுப் பலகை. கீகேட் (KiCad) என்ற பலகை வரையும் மென்பொருளில் வரைந்து, வரைவில் பிழை தேடும் விதிச் சோதனையை ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. பத்துப் பலகைகள் வந்து சேர்ந்தன. முதல் பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் கொதித்தது, விரல் வைக்க முடியவில்லை. 3.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மல்டிமீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது.

காரணம் பிடிபட ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. பல ஆண்டுகள் 7805 ரெகுலேட்டரோடு பழகியவன் நான். அதன் முதுகுத் தகடு கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட் இணைப்பு. இந்தப் பலகையில் போட்டதோ 1117 வகை. அதில் தகடுதான் வெளியீடு. பழைய நினைப்பில், சுற்று வரைபடத்துக்கான அதன் சின்னத்தை நானே வரைந்து, தகட்டைக் கிரவுண்ட் என்று குறித்து, சூடு இறங்கட்டும் என்று பெரிய கிரவுண்ட் செம்புப் பரப்போடும் சேர்த்துவிட்டேன். வெளியீடு கிரவுண்டோடு ஷார்ட் ஆகிவிட்டது. மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. நான் வரைந்த இணைப்பும் பலகையும் ஒத்துப்போகின்றனவா, இடைவெளி போன்ற விதிகள் சரியா என்றுதான் அது பார்க்கும். இணைப்பே தவறு என்று அதற்கு எப்படித் தெரியும்?

ரெகுலேட்டரைச் சூடான காற்றால் கழற்றி, தகடு உட்காரும் இடத்தைச் சுற்றிக் கத்தி முனையால் செம்பைக் கீறி எடுத்தேன். அந்தச் செம்பின் தடிமன் 35 மைக்ரான்தான், ஆனாலும் ஒரு பலகைக்கு இருபது நிமிடம் பிடித்தது. பத்தையும் மீட்டுவிட்டேன். இப்போதெல்லாம் உதிரிபாகத்தின் விவரத்தாளான டேட்டாஷீட்டைக் காகிதத்தில் எடுத்து, ஒவ்வொரு காலுக்கும் பென்சிலால் குறியிட்ட பிறகே செம்புத் தடம் இழுக்கிறேன்.

சென்னை, மாணவி:

அண்ணா, எனக்கும் விதிச் சோதனை சுத்தமாகத்தான் இருந்தது. நினைவக ஐசி (சிப்), எட்டுக் கால். பலகையில் அது உட்காரும் இடத்தின் வரைவான ஃபுட்பிரிண்ட் 3.9 மில்லிமீட்டர் உடல் அகலத்துக்கு. கடையில் வாங்கி வந்ததோ சுமார் 5.3 மில்லிமீட்டர் அகலமுள்ள வகை. இரண்டுக்கும் கால் இடைவெளி ஒன்றேதான், 1.27 மில்லிமீட்டர். அதனால் திரையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பலகையில் வைத்தபோது கால்கள், அவற்றைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகளான பேடுகளைத் தாண்டி வெளியே நின்றன.

அன்றிலிருந்து ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்செடுத்து, உதிரிபாகங்களை அதன்மேல் வைத்துப் பார்க்காமல் கோப்பை அனுப்புவதில்லை. தாளின் ஓரத்தில் 50 மில்லிமீட்டர் கோடு ஒன்றும் வரைந்துகொள்கிறேன். அச்சுப்பொறி படத்தைச் சுருக்கியிருந்தால் ஸ்கேல் வைத்ததும் தெரிந்துவிடும். துளையில் இறங்கும் கனெக்டர் என்றால், காகிதத்துக்கு அடியில் தெர்மோகோல் வைத்துக் குத்திப் பாருங்கள். கால்கள் எல்லாம் துளைக் குறிகளின் நடுவே இறங்க வேண்டும்.

மதுரை, பழுது பார்ப்பவர்:

என் கதை சிறியது. ரிலே சுவிட்ச் விழும் ஒவ்வொரு முறையும், நிரல் ஓடும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனது. நிரலில் தவறு தேடி இரண்டு நாள் போயிற்று. ஐசிக்குப் போகும் மின்னழுத்தம் சட்டென்று ஆடாமல் தாங்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் சுற்று வரைபடத்தில் ஒரு மூலையில் வரிசையாக வரைந்திருந்தேன். பலகையிலும் அப்படியே கூட்டமாக வைத்துவிட்டேன், ஐசியிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி. ஒரு கெப்பாசிட்டரை ஐசியின் மின்வழங்கு காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் குறுக்கே நேரடியாகப் பற்றவைத்தேன், ரீசெட் நின்றுவிட்டது. இப்போது ஐசியை வைத்த கையோடு அதன் கெப்பாசிட்டரையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடுகிறேன்.

கோவை, மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை செய்பவர்:

தெர்மோகோல் யோசனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன், தங்கையே. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கீகேட்டில் தடத்தை நகர்த்தினால் செம்புப் பரப்பை மறுபடி நிரப்ப வேண்டும், அதற்கு பி விசை. நிரப்பிய பிறகு, பலகையின் அடுக்குகளைப் படமாகச் சொல்லும் கெர்பர் கோப்புகளை எடுத்து, அவற்றையும் துளைக் கோப்பையும் கெர்பர் பார்க்கும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து பாருங்கள். தொழிற்சாலைக்குப் போவது அந்தக் கோப்புகள்தான்.