செவிலியர் வேலையை விட்டுவிடலாமா? சேலத்திலிருந்து சில அனுபவங்கள்

தாரமங்கலத்துப் பெண்:

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னால், அப்பா தறியை நிறுத்திவிட்டு, "கடன் வாங்கிப் படிக்க வைத்தது இதற்குத்தானா?" என்று கேட்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. வங்கிக் கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை.

இரவுப் பணி பன்னிரண்டு மணி நேரம். பதினான்கு படுக்கைகளுக்கு நான் ஒருத்தி, உதவிக்கு ஓர் ஆயா. ஒருவருக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் மணி அடிக்கும். அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம். எனக்கு ஒத்துவராதது பில். கையுறை, சிரிஞ்ச், பஞ்சு என்று எல்லாவற்றையும் நோயாளியின் கணக்கில் நாங்கள்தான் ஏற்ற வேண்டும். கணக்கு உதைத்தால் மாதக் கடைசியில் எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். எடப்பாடிப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர், மனைவிக்கு வந்த பில்லை விரித்து என் முன்னால் வைத்து, "ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி கையுறையா போடுகிறாய், கண்ணு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அன்று முதல் அந்த மேசைக்குப் போகவே பிடிக்கவில்லை.

வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது "நைட் டூட்டி உண்டா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி சம்பளம். இரண்டுக்கும் நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

விட்டவர்கள் எங்கே போனீர்கள்? விடாதவர்கள் எப்படி இருக்கிறீர்கள்? அறிவுரை வேண்டாம், வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.


அம்மாபேட்டை அக்கா:

அறிவுரை வேண்டாம் என்றாலும் ஒன்றிரண்டு வந்து விழும். பொறுத்துக்கொள், தங்கச்சி. நான் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள்.

பதினான்கு படுக்கைக்கு ஒருத்தி என்பதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனை என்றால் மூவருக்கு ஒருவர். சம்பளமும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016 இல் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம். உன் சம்பளச் சீட்டை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார். உனக்குப் பிடிக்காமல் போனது தொழிலா, அந்த முதலாளியா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

என்னோடு வேலை பார்த்த இருவரைச் சொல்கிறேன். ஒருத்தி அறுவை அரங்கில் இருந்தாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் வெளிறிவிடும். வேலையை விடப்போகிறேன் என்று கடிதம் எழுதிக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். நடுவில் அவளைத் தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றினார்கள். குழந்தைகளின் கூச்சலும் தாய்மார்களின் கூச்சலும் சேர்ந்து அந்த இடத்தில் என்னால் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. அவளோ அங்கேயே ஓய்வு பெற்றாள்.

இன்னொருத்தி உண்மையாகவே விட்டுவிட்டாள். கணவரோடு சேர்ந்து பழைய பஸ் நிலையத்துப் பக்கம் தட்டுவடை செட் கடை போட்டாள். சாயங்காலம் போனால் நிற்க இடம் இருக்காது. "என்னடி, வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன். "அக்கா, அங்கே யாராவது கத்தினால் மெமோ. இங்கே கத்தினால் இன்னொரு தட்டுவடை கொடுத்தால் போதும்" என்றாள். கேரட்டும் பீட்ரூட்டும் துருவும் வேகத்தைப் பார்த்தால் அறுவை அரங்கு நர்ஸ் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

நீ எதைச் செய்தாலும் சரி, அசல் சான்றிதழ்களை மருத்துவமனை வாங்கி வைத்திருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்கு. அனுபவச் சான்று இல்லாமல் வாசலைத் தாண்டாதே. சண்டை போடுவதாக இருந்தால் அதற்குப் பிறகு போடு. மாநில நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதே.


கோடிங்குக்குப் போனவள்:

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எல்லாருக்கும் முதலாளிதான் பிரச்சினை என்பதில்லை. நான் இருந்த கடைசி மருத்துவமனை நல்ல இடம். சம்பளம் தேதி தவறாது, வார விடுப்பு உண்டு, மேட்ரன் தங்கமானவர். அப்படியும் எனக்கு முடியவில்லை. வலியில் இருப்பவர்களின் முகத்தைத் தினமும் பார்ப்பது சிலருக்குப் பழகிவிடும், எனக்குப் பழகவில்லை. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட ஐசியூ அலாரம் என்று திடுக்கிட்டு எழுவேன். "உனக்குச் சேவை மனப்பான்மை இல்லை" என்று உறவினர் ஒருவர் சொன்னார். அவருடைய அம்மாவுக்குப் படுக்கையை மாற்றச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர் அவர்.

இப்போது மெடிக்கல் கோடிங். அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும். நர்சிங் படித்தவர்களுக்கு உடற்கூறும் மருந்துப் பெயர்களும் தெரிந்திருப்பதால் சீக்கிரம் பிடிபடும். முதுகின் அடியில், திரிக எலும்புப் பகுதியில், மூன்றாம் நிலைப் படுக்கைப்புண் என்றால் எல் 89.153. தட்டச்சு செய்ய ஒரு நொடி. வார்டில் அதே புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குறியீட்டைப் போடும்போது எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் வருவதில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறலாம்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் மருத்துவமனையில் வாங்கியதைவிடக் குறைவு. ஒரு நாளைக்கு இத்தனை கோப்பு முடிக்க வேண்டும், இத்தனை சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று கழுத்தில் கத்தி. இப்போது கணினியே குறியீடு போடத் தொடங்கிவிட்டதால் அடுத்த சில வருடங்களை நினைத்தால் பயம் உண்டு. "வேலைக்கு நாங்கள் பொறுப்பு" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களை நம்பாதீர்கள். சி.பி.சி. என்ற சான்றிதழ்த் தேர்வை நீங்களே படித்தும் எழுதலாம்.

இரவில் தூங்குகிறேன். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.


ஆத்தூர் பிரதர்:

பெண்களுக்காவது தனியாரில் கூப்பிட்டு வேலை தருகிறார்கள். ஆண் செவிலியர் என்றால், "ஐசியூவில் இடம் இருந்தால் சொல்கிறோம்" என்பதோடு சரி. எங்கள் தெருவில் இன்னும் என்னைக் கம்பவுண்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

கொரோனா நேரத்தில் அரசு தற்காலிகமாக எடுத்த செவிலியர்களில் நானும் ஒருவன். முழுக்கவச உடைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டு வேலை பார்த்தோம். கைதட்டினார்கள், பூத்தூவினார்கள். 2022 டிசம்பர் 31 உடன் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். புத்தாண்டைப் போராட்டப் பந்தலில் கொண்டாடினோம். இதைவிட நீளமாக எழுதினால் வேறு வார்த்தைகள் வரும்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015 இல் தேர்வெழுதிப் போனவர்களுக்கே மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். பிறகு 18,000 வரை உயர்ந்தது. நிரந்தரப் பணிக்கான காலமுறை ஊதியத்துக்குள் போவதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரசு வேலை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஓடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களை எடுக்க எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்குப் படிக்கிறேன். தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. அதிலும் பெரும்பாலான எய்ம்ஸ்களில் நூற்றுக்கு எண்பது இடம் பெண்களுக்கு, இருபது எங்களுக்கு. சகோதரி, உங்களுக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை என்றால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். வெளிநாடு என்றால் முகவர்களிடம் போகாமல், 1978 முதல் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்து வையுங்கள். என் நண்பன் அந்த வழியாகத்தான் போனான். ஜெர்மன் மொழி படிக்கும்போது அவன் பட்ட பாட்டை நினைத்தால் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதே மேல் என்று தோன்றுகிறது. அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன், அப்பாவின் வயலில்.


மலைப்பாதை:

மேலே கோடிங் தோழி படுக்கைப்புண்ணுக்கு எண் கொடுத்ததைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் வேலையில் பாதி அந்தப் புண்தான்.

சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐசியூவில் இருந்தேன். விட்டுவிட்டு, சில மாதம் துணிக்கடையில் கணக்கெழுதினேன். நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்து, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த் தணிப்புச் செவிலியராக ஏற்காட்டுக்கு வந்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வட்டாரத்துக்கு ஒரு செவிலியர், ஓர் இயன்முறை மருத்துவர். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

நாகலூரைத் தாண்டி மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று. வண்டி நிற்கும் இடத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி நடக்க வேண்டும். அங்கே ஒருவர், மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறியவர், விழுந்து தண்டுவடம் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பெரிய மருத்துவமனையில் பார்த்து, இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். நான் முதல்முறை போனபோது வாசலிலேயே நாற்றம். புண்ணுக்குள் என் இரண்டு விரல் போகும். அவருடைய மனைவி ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார். ஒரே ஊரில் இருக்கும் தம்பி குடும்பம்கூட வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுமாம்.

நான் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும் அந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். டாக்டரிடம் கேட்டு, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினோம். நாற்றத்தைக் கிளப்பும் கிருமிகளை அது அடக்கும். விலை குறைந்த மாத்திரை. சிறுநீர்க் குழாயை மாற்றினேன். அடுத்தடுத்து நான் போன சமயங்களில் ஊதுவத்தியைக் காணவில்லை. ஒருநாள் தம்பி உள்ளே வந்து கட்டிலருகில் உட்கார்ந்து, அண்ணனோடு நிலத் தகராறு பேசிக்கொண்டிருந்தார். நல்ல சத்தமாக. எனக்குக் கட்டுப் போடக்கூட இடம் விடவில்லை.

ஐசியூவில் இருந்தபோது என் நோயாளிகள் பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பார்கள். நான் பேசியது எல்லாம் இயந்திரத்தோடும் கேஸ் ஷீட்டோடும்தான். இங்கே அந்த மனிதர், மழையில் ஒரு வாரம் போகாமல் இருந்ததற்கு என்னைத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டே குழாய் மாற்றுவது எனக்கு ஒத்துவருகிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மலை என்றதும் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்த வேலை, பதினெட்டாயிரம். பார்த்த நோயாளிகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்ற வேண்டும், பாதி ஊரில் சிக்னல் கிடையாது. மூட்டைப் பூச்சியைத் தேடுவதுபோல் ஒரு மூலையில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். மூடுபனியில் காட்டெருமை நிற்பது பக்கத்தில் போகும் வரை தெரியாது. இன்றைக்கும் மாதத்தில் ஒரு நாளாவது துணிக்கடை முதலாளியை நினைத்துக்கொள்வேன். போனால் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்.


தாரமங்கலத்துப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, சான்றிதழ்களைக் கேட்டுவிட்டேன். "எதற்கு?" என்றார்கள். கடனுக்காக வங்கியில் காட்ட வேண்டும் என்றேன். வாரக் கடைசியில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தராவிட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர் தறியை நிறுத்திவிட்டு வந்தால் சும்மா திரும்ப மாட்டார். நார்செட் பாடத்திட்டத்தைப் பார்த்தேன், மறந்தே போன பாடங்கள். கோடிங்கை நினைத்தால் இந்த இரவுப் பணி நேரத்தில் ஆசையாகத்தான் இருக்கிறது. இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை.

மலைப்பாதை அக்கா, ஒரு சந்தேகம். அப்படி ஒரு வேலை கிடைத்தால் சேலத்திலிருந்து தினமும் போய்வர முடியுமா?


மலைப்பாதை:

முடியும். நானே அப்படித்தான் தொடங்கினேன். பஸ் நிலையத்திலேயே ஏறிவிடுங்கள், கோரிமேட்டில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வயிறு புரட்டும் என்றால் முன்பக்க இருக்கையைப் பிடியுங்கள். சனி, ஞாயிறில் சுற்றுலா வண்டிகளால் தாமதமாகும். மே மாதக் கோடை விழாவின்போது குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டால் வீடு சேர இருட்டிவிடும். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், பெரும்பாலும் இரண்டு வாரம்தான் அவகாசம் இருக்கும். சான்றிதழ் நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள். மழைக்கோட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள், குடை இந்தக் காற்றுக்கு நிற்காது.