தண்டர்பேர்டில் பொதுச் சாவி: கைரேகையைச் சரிபார்ப்பது எப்படி?

வணக்கம், குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் ஸ்கேன் அறிக்கைகளை மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எங்களைத் தவிர யார் கண்ணிலும் படக் கூடாது. நேற்று ராத்திரி தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில், கடிதங்களைப் பூட்டி அனுப்பும் ஓப்பன்பிஜிபி முறைக்கான சாவி ஜோடி (பிறருக்குக் கொடுக்கும் பொதுச் சாவி, நானே வைத்துக்கொள்ளும் தனிச் சாவி) உருவாக்கிவிட்டேன். அண்ணனின் பொதுச் சாவியும் வந்துவிட்டது. அதால் பூட்டினால் அவருடைய தனிச் சாவிதான் திறக்கும் என்பது வரை சரி, புரிகிறது.

அவருடைய சாவியை ஏற்கும் இடத்தில்தான் நின்றுவிட்டேன். 40 எழுத்தில் ஒரு கைரேகையை, அதாவது அந்தச் சாவியை அடையாளம் காட்டும் குறியீட்டைக் காட்டி, சரிபார்த்தீர்களா என்று கேட்கிறது. நடுவில் யாராவது சாவியை மாற்றியிருந்தால்? வீடியோ காலில் அவர் நாலு நாலு எழுத்தாக வாசிக்க, நான் திரையில் பார்த்துக்கொண்டால் போதுமா?

அப்புறம், என் மடிக்கணினி பழையது. தனிச் சாவி தொலைந்தால் வந்த கடிதங்களைத் திறக்கவே முடியாது. பென் டிரைவில் எடுத்துவைத்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்? வேலூர், காட்பாடி பக்கம் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறேன்.