4294967297 பகா எண்ணா? ஒரே சோதனை, இரண்டு நிரல், இரண்டு விடை

பகாப்பித்தன்:
ஃபெர்மா சோதனையை வைத்து பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். 2ஐ n-1 அடுக்குக்கு உயர்த்தி n ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். 4294967297 (அதாவது 2^32+1) கொடுத்தால் மீதி 1, பகா எண் என்கிறது. நண்பன் இதையே சி மொழியில், 64 பிட் குறியில்லா எண்ணில் எழுதியிருக்கிறான். அவனுக்கு மீதி 0, பகு எண்ணாம். யாருடையது சரி?

நீள்வகுத்தல்:
பகு எண்தான், 641 × 6700417. ஆனால் நண்பர் ரொம்பக் குதிக்க வேண்டாம், அவர் விடை சரி, கணக்கு தப்பு. n ஒற்றைப்படை எண், 2இன் அடுக்கை அதனால் வகுத்தால் மீதி 0 எப்படி வரும்? 2ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள்: 4, 16, 256, 65536, 4294967296. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் மிகச் சரியாக 2^64. அது 64 பிட்டில் அடங்காது, 0 ஆகிவிடும், அப்புறம் எத்தனை முறை பெருக்கினாலும் 0தான். பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்யச் சொல்லுங்கள், அவருக்கும் 1 வரும்.

உங்கள் நிரலில் பிழை இல்லை, சோதனைதான் ஏமாறுகிறது. 2^32ஐ n ஆல் வகுத்தால் மீதி n-1, அதாவது -1 மாதிரி. ஆகவே 2^64க்கு மீதி 1. இங்கே n-1 என்பதே 2^32, அது 64இன் மடங்கு, அதனால் 1 வந்தே தீரும். 2^(2^m)+1 வடிவ எண்கள் (3, 5, 17, 257, 65537, அடுத்து இது) எதையும் 2 காட்டிக்கொடுக்காது. ஃபெர்மாவே எல்லாம் பகா எண்கள் என்றுதான் நம்பினார், 1732இல் கணிதமேதை ஆய்லர் 641ஐ எடுத்துக் காட்டும்வரை. கையால் போட்ட கணக்கு! இதன் பகாக் காரணி எதுவானாலும் 128k+1 வடிவில்தான் இருக்கும் என்று தெரிந்தால் வேலை இன்னும் சுருங்கும்: 257ஐ வகுத்துப் பாருங்கள், அந்த வடிவில் அடுத்த பகா எண்ணே 641.

2க்குப் பதிலாக 3 போட்டுப் பாருங்கள்.

பகாப்பித்தன்:
போட்டேன், மீதி 3029026160. பிடிபட்டுவிட்டது! அப்போ 2, 3 இரண்டையும் வைத்தால் போதுமா?

மீதிக்காரன்:
போதாது. 1105 (5 × 13 × 17) அந்த இரண்டையும் ஏமாற்றும். 5, 13, 17 இவற்றால் வகுபடாத எந்த எண்ணைப் போட்டாலும் அதற்கு மீதி 1தான் வரும். மில்லர்-ராபின் சோதனைக்கு மாறுங்கள், அது கடைசி மீதியோடு நிற்காமல், வர்க்கப்படுத்தும் வழியில் 1க்கு முன் -1 (அதாவது n-1) வந்ததா என்றும் பார்க்கும். அதிலும் 2ஐ மட்டும் வைத்தால் உங்கள் எண் தப்பிவிடும், வழியில் -1 வந்துவிடுகிறதே. 2, 3, 5, 7 நான்கும் சேர்ந்தால் 3215031751க்குக் கீழே உள்ள எண்களுக்கு நம்பலாம், உங்களுடையது அதைவிடப் பெரியது. 11ஐயும் சேர்த்துவிடுங்கள், 2 லட்சம் கோடி வரை கவலையில்லை.