அந்தப் பெட்டிய யாரும் போட்டுராதீங்க

குழு: கல்லிடை வீடு
சனிக்கிழமை, காலை 7:40

சுந்தரி சித்தி: வெள்ளையடிக்க ஆள் வந்தாச்சு. பரண்ல கெடந்ததெல்லாம் இறக்கிப் போட்டாச்சு. ஒரு அட்டைப்பெட்டி நெறைய கேம் சிடி கெடக்கு. பழைய பேப்பர்காரன் பத்து மணிக்கு வாரான். போட்டுரவா?

கதிர்: அம்மா வேண்டாம்

செந்தில்: சித்தி வேண்டாம்!! தொடாதீங்க

சுந்தரி சித்தி: தொடாம எப்படிடா வெள்ளையடிக்க

கோமதி அத்தை: எல்லாருக்கும் காலை வணக்கம். சுந்தரி, காதுகுத்துக்குச் சமையலுக்கு யாரைச் சொல்லிருக்கு? போன தடவை வந்த ஆளு சொதியில தேங்காப்பாலே காணோம்

சுந்தரி சித்தி: இன்னும் சொல்லல மதினி

செந்தில்: கதிர், பெட்டில என்னென்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு

கதிர்: பச்சை டப்பா எல்லாம் எக்ஸ்பாக்ஸ் 360. கறுப்பு டப்பா பிளேஸ்டேஷன் 2, அதான் பிஎஸ்2. மிச்சம் பிளாஸ்டிக் கவர்ல சும்மா கெடக்கு

செந்தில்: கவர்ல கெடக்குறது பஜார்ல வாங்குன காப்பி. அடிப்பக்கம் ஊதாவா மின்னும். அது காப்பி ஓட்டுறதுக்குன்னு சிப் போட்ட பழைய பிஎஸ்2-ல மட்டும்தான் ஓடும், அதைப் போட்டாலும் பரவாயில்ல. பச்சை டப்பா எதையும் விடாதீங்க. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் இருக்கா?

கதிர்: இருக்கு. கீறலே இல்ல

செந்தில்: அது போதும். விசேஷத்துக்கு என் புது எக்ஸ்பாக்ஸ், சீரிஸ் எக்ஸ் பெட்டியக் கொண்டு வாரேன். ஹால்ல டிவில மாட்டிருவோம்

அருண்: எதுக்கு மச்சான் அவ்வளவு தூரம் தூக்கிட்டு. என் சீரிஸ் எஸ் சின்னதுதானே, பையில வச்சு எடுத்துட்டு வந்துருவேன்

செந்தில்: அதுல சிடி போடுற வாயே கெடையாதுடா

அருண்: யூஎஸ்பில டிவிடி டிரைவ் மாட்டினா?

செந்தில்: எடுக்காது. விவரமாச் சொல்லுதேன் கேளு. 360-ங்குறது 2005-ல வந்த பெட்டி. அதுல கேம் நேரா சிடியிலேருந்து ஓடும். புதுப் பெட்டி அப்படி இல்ல. சிடிய உள்ள போட்டதும் இது இன்ன கேம்னு அடையாளம் மட்டும் பாக்கும். அப்புறம் அந்தக் கேமை, புதுப் பெட்டிக்குன்னு அவங்க கட்டி வச்ச கோப்பா, நெட்லேருந்து முழுசா இறக்கும். இறக்கி முடிச்சாலும் ஒவ்வொரு தடவை விளையாடும்போதும் சிடி உள்ள இருக்கணும். அதாவது சிடி இப்ப சாவி. கேம் அதுலேருந்து வரல, ஆனா அது இல்லாம கதவு திறக்காது. அதனாலதான் போடாதீங்கன்னு இப்படிக் கத்துதேன்

திவ்யா: காலைலயே கட்டுரையா

சித்தப்பா: ஊர்ல நெட்டு மழை பேஞ்சா நின்னுரும். அதையும் சேத்து யோசிங்க

செந்தில்: அதான் சித்தப்பா சிக்கல். சிடி அங்க, பெட்டி இங்க சென்னைல. ஏழெட்டு ஜிபி. ஊர் நெட்ல இறக்க ஆரம்பிச்சா காதுகுத்து முடிஞ்சு பந்தியும் முடிஞ்சுரும். சிடி முன்னாடியே இங்க வந்தாத்தான் இறக்கி, நெட்டை நிறுத்திட்டு ஓடுதான்னு பாத்து எடுத்துட்டு வர முடியும்

கதிர்: பஸ்ல பார்சல் போட்டுரவா

சித்தப்பா: கண்ணாஸ்பத்திரிக்கு நான் புதன்கிழமை சென்னை வாரேனே

சுந்தரி சித்தி: நீங்க போன தடவை கொண்டுபோன ஊறுகா டப்பா இன்னைக்கு வரைக்கும் போய்ச் சேரல

பிரபு: மச்சான், எங்க வீட்ல பிஎஸ்5 இருக்கு. காரில்தான் வாரோம். கிரிக்கெட் 07 அந்தக் கறுப்பு டப்பால இருக்குமே?

கதிர்: இருக்கு!

செந்தில்: மாப்ள, அது ஓடாது. பிஎஸ்5 பிஎஸ்4 சிடிய எடுத்துக்கும். நாலாயிரத்துக்கும் மேல இருக்குற பிஎஸ்4 கேம்ல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுக்கு மேல ஓடும்னு சோனியே சொல்லிருக்காங்க. ஆனா பிஎஸ்3, பிஎஸ்2, பிஎஸ்1 சிடி எதையும் தொடாது. 2006-ல முதல்ல வந்த பிஎஸ்3 பெட்டிக்குள்ள பிஎஸ்2-வோட சிப்பையே வச்சிருந்தாங்க, அதுல போட்டா ஓடும். அப்புறம் விலையக் குறைக்கச் சிப்பை எடுத்துட்டாங்க. கிரிக்கெட் 07 பிஎஸ்2-க்கும் கம்ப்யூட்டருக்கும்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் எந்தப் பெட்டிக்கும் வரல

பிரபு: ச்சே

அருண்: பிஎஸ்2 என்னாச்சு

சித்தப்பா: லென்ஸ் போச்சு. அம்பாசமுத்திரத்துல குடுத்தோம். குடுத்தது குடுத்ததுதான்

கோமதி அத்தை: செந்திலு, அந்தப் படகு விளையாட்டு இருக்காய்யா? தீபாவளிக்கு நானும் உங்க அம்மாவும் டிவி முன்னால குதிச்சோமே. அவ சேலை தடுக்கி சோபால விழுந்தா

சுந்தரி சித்தி: அய்யோ ஆமா மதினி. அக்கா அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு

கதிர்: கைனெக்ட் அட்வென்சர்ஸ். இருக்கு

செந்தில்: அத்தை, அது மட்டும் புதுப் பெட்டில முடியாது. கேமரா முன்னால நின்னு ஆடுறது எதுவுமே அதுல ஓடாது. அந்தக் கேமராவுக்கே புதுப் பெட்டில இடமில்ல. பழைய 360 பெட்டியே வேணும்

கோமதி அத்தை: அப்ப அதையே கொண்டு வா

கதிர்: அது எங்க இருக்கு?

திவ்யா: மகேஷ் அண்ணன்கிட்ட

சுந்தரி சித்தி: ம்

கோமதி அத்தை: மகேசு இந்தக் குரூப்புல இருக்கானா?

திவ்யா: இருக்கான் அத்தை. எல்லாம் படிக்கான். பேசத்தான் மாட்டான்

செந்தில்: திவ்யா, நீ கேட்டுச் சொல்லேன்

திவ்யா: நீயே கேளு. ஒரே குரூப்புலதானே இருக்கீங்க ரெண்டு பேரும்

சித்தப்பா: கிணத்தடி வயல் பேச்சை இங்க யாரும் எடுக்காதீங்க

அருண்: யாரும் எடுக்கலையே மாமா

(சித்தப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

காலை 8:55

செந்தில்: அண்ணே, பெட்டி உன்கிட்டதான இருக்கு. ஓடுதா? ரெட் டெட்ல நீ விட்ட இடம் அந்தப் பெட்டிலதான் கெடக்கும். அதை நெட்ல போட்டு, உன் ஐடில உள்ள போய், அந்த சேவ் ஃபைலை கிளவுடுக்கு ஏத்திட்டா போதும். முன்னாடி அதுக்குக் காசு கட்டணும், சீரிஸ் எக்ஸ் வந்தப்ப இலவசம் ஆக்கிட்டாங்க. புதுப் பெட்டில அதே ஐடில போனா நீ விட்ட இடத்துலேருந்தே ஆடலாம். அந்தக் கேமை 2016-லயே, புதுப் பெட்டில ஓடுற பழைய கேம் பட்டியல்ல சேத்துட்டாங்க. அப்புறம் 4கே-க்கும் ஏத்திட்டாங்க. பழைய டிவில பாத்த பாலைவனம் இப்ப அவ்வளவு தெளிவா இருக்கும். நீ பாக்கணும்ணே

அருண்: மச்சான் மூச்சு விடு

காலை 9:20

மகேஷ்: பாஸ்வேர்டு மறந்துபோச்சு

திவ்யா: அண்ணே!!

சுந்தரி சித்தி: மகேசு, சாப்டியாப்பா

மகேஷ்: ஆச்சு சித்தி

மகேஷ்: கதிர், கார் ரேஸ் ஃபோர்சா 4 இருக்கா

கதிர்: இருக்குண்ணே. அடியில வட்டமா ஒரு கோடு

மகேஷ்: அது செந்தில் செஞ்ச வேலை

செந்தில்: இல்லண்ணே. படுக்க வச்சு ஓடிக்கிட்டிருந்த பெட்டிய நிமித்தி வச்சது கதிரு. சிடி சுத்தும்போது அசைச்சா அப்படித்தான் வட்டமா அறுத்துரும்

கதிர்: நான் அப்ப ரெண்டாங்கிளாஸ்

மகேஷ்: நீதான் தூக்கி வைக்கச் சொன்ன

செந்தில்: ஃபோர்சா 4 புதுப் பெட்டில எப்படியும் ஓடாதுண்ணே. பட்டியல்லயே இல்ல. 2021 நவம்பர்ல 76 கேம் சேத்தாங்க, இதுதான் கடைசின்னு சொல்லிட்டாங்க. உரிமம், சட்டம்னு ஆயிரம் சிக்கல். 360-க்கு முன்னாடி வந்த பழைய எக்ஸ்பாக்ஸ் கேமும் 360 கேமுமா அறுநூறுக்கு மேல இருக்கு, நம்ம ஃபோர்சா அதுல இல்ல. உன் பெட்டி ஒண்ணுதான் அதுக்கு வழி

மகேஷ்: ஓடுது பெட்டி. போன வாரம் பசங்க ஆடுனாங்க

கோமதி அத்தை: அப்ப படகு?

மகேஷ்: கேமரா எங்கயோ இருக்கு அத்தை. வயரு தேடணும்

கோமதி அத்தை: தேடுய்யா. எனக்காக

திவ்யா: அண்ணே, பாப்பாவ உன் மடிலதான் உக்கார வைக்கணும். மூத்த தாய்மாமன் நீ. உன் மடி இல்லாம நான் குத்த விடமாட்டேன்

பிரபு: பத்திரிகையில உங்க பேரைத்தான் முதல்ல போட்ருக்கோம் மச்சான்

மகேஷ்: பாத்தேன்

சித்தப்பா: மடிக்கு மடி. செந்தில் பக்கத்துல நிக்கட்டும். ரெண்டு பேருக்கும் வேட்டி சட்டை எடுத்தாச்சு

மகேஷ்: வாரேன்னு சொல்லல சித்தப்பா. வயரு தேடுதேன்னுதான் சொன்னேன்

செந்தில்: பாஸ்வேர்டுக்கு அந்தப் பழைய மெயில் ஐடிய மட்டும் சொல்லுண்ணே, எப்படித் திறக்கணும்னு நான் சொல்லுதேன். இல்ல போன் பண்ணவா?

மகேஷ்: ராத்திரி பண்ணு

காலை 10:10

சுந்தரி சித்தி: பேப்பர்காரன் வந்துட்டுப் போய்ட்டான். கவர்ல கெடந்ததெல்லாம் எடுத்துக்கிட்டான். மத்தது எங்க, காணோமே?

கதிர்: என் கட்டிலுக்கு அடியில வச்சிட்டேன்மா

செந்தில்: டப்பாவோட வை. ஒண்ணு மேல ஒண்ணு சிடிய வெறுசா அடுக்காத. தொடைச்சா நடுவுலேருந்து வெளிய நேரா தொடை, சுத்திச் சுத்தித் தொடைக்காத

அருண்: அப்ப யாரு என்ன கொண்டு வாரா? சீரிஸ் எக்ஸா, 360-யா?

செந்தில்: ரெண்டும்

பிரபு: ஹால்ல ஒரு டிவிதான் இருக்கு

கதிர்: அப்ப ரெட் டெட்ட பார்சல் போடவா வேண்டாமா?

சித்தப்பா: நான் புதன்கிழமை எடுத்துட்டுப் போறேன்னு சொல்லுதேன்லா

சுந்தரி சித்தி: பார்சலே போடு கதிரு

திவ்யா: அண்ணன் வயரு கெடச்சுதான்னு சொல்லட்டும், அப்புறம் பேசலாம். பாப்பா முழிச்சுட்டா