துப்பறியும் பள்ளி மாணவி: இதே மாதிரி இன்னொரு நாவல் சொல்லுங்களேன்

பூவிழி:
ஹாலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்' (2019) படித்து முடித்தேன். ஊரே முடிந்துபோனதாக நினைக்கும் ஐந்து வருடப் பழைய கொலை வழக்கை, பிப் என்கிற மாணவி பள்ளி ப்ராஜெக்ட் என்று சொல்லிக் கிளறுகிறாள். எனக்கு ரொம்பப் பிடித்தது அவளுடைய ப்ராஜெக்ட் குறிப்புகள்தான். பேட்டிகள் கேள்வி பதிலாக அப்படியே வருகின்றன, சந்தேகப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அவள் கையில் இருக்கும் துப்பெல்லாம் நம் கையிலும் இருக்கிறது. போலீஸ் கதை என்றால் ஆய்வக அறிக்கை வந்து பாதி முடிச்சை அவிழ்த்துவிடும். பிப்புக்கோ யாரையும் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரமே கிடையாது. நயமாகப் பேசியோ பொய் சொல்லியோதான் வாயைப் பிடுங்க வேண்டும். அவள் ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் எனக்குப் படபடப்பு! இப்படி நம்மையும் கூடவே யோசிக்கவைக்கும் நாவல் வேறு இருக்கிறதா?

நூலகப்பூனை:
மொரீன் ஜான்சனின் 'ட்ரூலி டீவியஸ்' (2018) கண்டிப்பாகப் படியுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மலையில் ஒரு பள்ளி, 1936-இல் அங்கே நடந்த கடத்தல். அதைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று வந்து சேர்கிறாள் ஸ்டீவி. அந்தக் காலத்துக் கதையும் இன்றைய கதையும் மாறி மாறி வரும். ஆனால் முதல் புத்தகத்தோடு வழக்கு முடியாது. மூன்று பாகங்களையும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

பழையதாள்:
துப்பறியும் பெண் நான்சி ட்ரூவின் கதைகளை விட்டுவிட்டீர்களே! 1930-இல் வந்த முதல் கதையிலேயே சொந்தக் காரில் கிளம்பிவிடுவாள். 1959 முதல் அந்தப் பழைய கதைகளைச் சுருக்கித் திருத்தி வெளியிட்டார்கள். கிடைத்தால் திருத்தாத பதிப்பைப் படியுங்கள், அதில் அவள் இன்னும் துணிச்சல்காரி.

பூவிழி:
நன்றி. நான்சியை நானும் படித்திருக்கிறேன், வேகம் அருமை. ஆனால் அங்கே நான் அவள் பின்னால் ஓடுகிறேன், பிப்போடு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறேன். எனக்கு அதுதான் வேண்டும். முதலில் ஸ்டீவியை எடுக்கிறேன். அப்புறம், பிப் கதையின் அடுத்த பாகங்களை எந்த வரிசையிலும் படிக்கலாமா?

நூலகப்பூனை:
வேண்டவே வேண்டாம். இரண்டாம் பாகம் தொடங்கும்போதே முதல் பாகத்துக் குற்றவாளி யார் என்று சொல்லிவிடும். உங்களுக்குப் பரவாயில்லை, நீங்கள்தான் முடித்துவிட்டீர்களே. யாருக்காவது இரவல் கொடுத்தால் மட்டும் முதல் பாகத்தையே முதலில் கொடுங்கள்.